ஈனோ யாரென்று தெரியாமலே ஈனோவைக் கட்டத்தில் போடுவது

"நியூயார்க் டைம்ஸ் குறுக்கெழுத்தா? அதில் பாதி அமெரிக்க டிவி, மீதி பேஸ்பால். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் சரிப்படும்" என்று ஒதுங்கிப் போகிறவர்கள் நிறையப் பேர். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள்கூட இதைச் சொல்கிறார்கள். ஆனால் அதில் விடையாக வரும் ஆட்களின் பெயர்களில் பெரும்பாலானவை புகழுக்காகக் கட்டத்துக்குள் வருவதில்லை, எழுத்துக்காக வருகின்றன. அந்தத் தொடரைப் பார்க்காமல், அந்தப் பாட்டைக் கேட்காமல் முக்கால்வாசியைப் போட்டுவிடலாம்.

முதலில் கட்டத்தின் கணக்கு. திங்கள் முதல் சனி வரை வழக்கமாக 15க்கு 15, ஞாயிறு 21க்கு 21. நாள்தோறும் வரும் புதிரில் நீளமான விடைகளை இணைக்கும் ஒரு மையக்கரு இருந்தால் அதிகபட்சம் 78 சொற்கள், கரு இல்லாவிட்டால் 72. மூன்றெழுத்துக்குக் குறைந்த சொல் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஒவ்வொரு வெள்ளைக் கட்டமும் இடமிருந்து வலம் ஒரு சொல்லிலும் மேலிருந்து கீழ் இன்னொரு சொல்லிலும் இருந்தாக வேண்டும் என்ற விதி. நம் பத்திரிகைப் புதிர்களில் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று நாலா திசையும் ஓடலாம். ஆனால் பல கட்டங்கள் ஒரே சொல்லுக்கு மட்டும் சொந்தமாக இருக்கும். இங்கே திசை இரண்டுதான், தனிக் கட்டமே கிடையாது. அதனால் ஒரு சொல் சுத்தமாகத் தெரியாவிட்டாலும், அதைக் குறுக்கே வெட்டும் சொற்கள் எல்லாம் தெரிந்தால் அது தானாகவே நிரம்பிவிடும்.

இதே விதிதான் புதிர் அமைப்பவரின் கழுத்தையும் பிடிக்கிறது. கருவுக்கான நீளமான நாலைந்து விடைகளை முதலில் வைத்துவிடுவார். அவற்றுக்கு நடுவே இருக்கும் சந்துபொந்துகளில் மூன்றெழுத்து, நாலெழுத்துச் சொற்களை அடைக்க வேண்டும். ஆங்கிலத்தில் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் மாறி மாறி வரும் குட்டிச் சொற்கள் அப்படியொன்றும் கொட்டிக் கிடக்கவில்லை. அங்கேதான் பெயர்கள் உள்ளே நுழைகின்றன. ஈ-என்-ஓ என்ற மூன்று எழுத்தும் ஆங்கிலத்தில் அடிக்கடி புழங்குபவை. இரண்டு உயிர், நடுவில் ஒரு மெய். எந்த மூலையிலும் பொருந்தும். பிரையன் ஈனோ நல்ல இசைக்கலைஞர், ஐயமில்லை. விண்டோஸ் 95 திறக்கும்போது கேட்ட அந்தச் சின்ன ஒலியை அமைத்தவரும் அவர்தான். ஆனால் அவர் பெயர் ஸ்மித் என்று இருந்திருந்தால் இத்தனை தடவை கட்டத்துக்குள் வந்திருக்க மாட்டார்.

இப்படிக் கட்டத்துக்குள் மட்டும் அமோகமாக வாழும் சொற்களை க்ராஸ்வேர்டீஸ் என்பார்கள். மெல் ஆட் என்ற பேஸ்பால் ஆட்டக்காரர் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காக 511 ஹோம் ரன் அடித்தவர். ஆடி முடித்தது 1947இல். ஓ-டி-டி என்ற எழுத்து வரிசையின் புண்ணியத்தில் இன்றும் ஓய்வில்லாமல் உழைக்கிறார். ஐஸ் ஹாக்கியின் பாபி ஆர், ஆர்ட் டெகோ ஓவியர் எர்டே, நடிகர் ஈசாய் மொரேல்ஸ், ஐரிஷ் பாடகி என்யா, உமா தர்மன், யோகோ ஓனோ, எட்டா ஜேம்ஸ், ராப் பாடகர் நாஸ், எலெக்ட்ரிக் லைட் ஆர்கெஸ்ட்ராவைச் சுருக்கிய ஈ-எல்-ஓ எல்லாம் இதே வரிசை. எம்மி, கிராமி, ஆஸ்கர், டோனி நான்கையும் வாங்கியவர்களைச் சொல்லும் ஈ-ஜி-ஓ-டி என்ற சுருக்கமும் கட்டத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை.

எனவே மனப்பாடம் செய்ய வேண்டியது இவர்களுடைய வாழ்க்கை வரலாற்றை அல்ல. ஒவ்வொருவருக்கும் மூன்று துண்டுத் தகவல் போதும்: எத்தனை எழுத்து, க்ளூவில் (விடைக்கான குறிப்பில்) வரும் கொக்கி எது, எழுத்துக்கூட்டல் என்ன. உமா என்றால் 3 எழுத்து, க்ளூவில் 'தர்மன்' இருக்கும், யு-எம்-ஏ. ஈசாய் என்றால் 4, 'மொரேல்ஸ்', ஈ-எஸ்-ஏ-ஐ. எர்டே என்றால் 4, 'ஆர்ட் டெகோ', ஈ-ஆர்-டி-ஈ. குறிப்பேட்டில் ஆள்வாரியாக எழுதாமல் எழுத்தெண்ணிக்கைவாரியாக எழுதிக்கொள்ளுங்கள். புதிருக்கு முன்னால் உட்காரும்போது உங்கள் மனதில் எழும் கேள்வி "இவர் யார்?" என்பதல்ல, "மூன்றெழுத்தில், நடுவில் எம் வரும் நடிகை யார்?" என்பதுதான்.

பழைய பட்டியலோடு நின்றுவிடவும் முடியாது. யூஜீன் மலெஸ்கா இந்தப் புதிர்ப் பகுதியின் ஆசிரியராக இருந்த காலத்தில் (1977 முதல் 1993 வரை) இலக்கியம், புவியியல், அகராதியின் அடியில் கிடக்கும் சொற்கள் ஆகியவற்றுக்குத்தான் மரியாதை. 1993இல் வில் ஷார்ட்ஸ் வந்த பிறகு சினிமா, ராப், டிவி, வணிகப் பெயர்கள் எல்லாம் தாராளமாக உள்ளே வந்தன. வேடிக்கை என்னவென்றால், பல இடங்களில் விடை மாறவே இல்லை, க்ளூ மட்டும் மாறியது. ஈ-எல்-எஸ்-ஏ என்பது ஒரு காலத்தில் கென்யாவில் மனிதர்கள் வளர்த்த பெண் சிங்கம். 2013க்குப் பிறகு டிஸ்னியின் பனி ராணி. இன்னொரு பக்கம் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் ஆர்யா ஸ்டார்க், நடிகை ஈசா ரே போன்றவர்கள் புதிதாகக் குடியேறினார்கள். ஏ-ஆர்-ஒய்-ஏ, ஐ-எஸ்-எஸ்-ஏ என்ற எழுத்துகளைப் பார்த்தாலே புதிர் அமைப்பவர்கள் ஏன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்கள் என்று புரியும்.

பெயர்களில் தவறு நடக்கும் இடம் பெரும்பாலும் ஒரே ஒரு உயிரெழுத்து. எல்சாவா இல்சாவா? பனி ராணி என்றால் ஈ. பழைய ஹாலிவுட் படத்தில் இங்க்ரிட் பெர்க்மன் நடித்த பாத்திரம் என்றால் ஐ. எல்லாவா எல்லீயா? பாடகி ஃபிட்ஸ்ஜெரால்டு என்றால் கடைசியில் ஏ. நடிகை ஃபேனிங் என்றால் ஈ. ஈனோவா ஓனோவா? 'பீட்டில்ஸ்' வாடை அடித்தால் ஓ, 'ஆம்பியன்ட்' (ஈனோவின் இசைப் பாணி) வாடை அடித்தால் ஈ. இந்த மாதிரி இடங்களில் ஐயமில்லாத எழுத்துகளை மட்டும் போட்டு, இழுபறியான கட்டத்தை காலியாக விடுவதுதான் நல்லது. தப்பான எழுத்து உட்கார்ந்துவிட்டால், அதை வெட்டும் சொல்லையும் கெடுத்து, அங்கிருந்து அடுத்ததையும் கெடுத்துவிடும்.

இன்னொரு தொல்லை, கட்டத்துக்குள் இடைவெளியும் புள்ளியும் கிடையாது என்பது. டாக்டர் டிரே என்ற ராப் கலைஞர் டி-ஆர்-டி-ஆர்-ஈ என்று வருவார். முதல் நான்கு எழுத்தும் மெய்யாக இருப்பதைப் பார்த்துப் பதறி, சரியாகப் போட்டதை அழிப்பவர்கள் உண்டு. எல்எல் கூல் ஜே, ஐஸ்-டி, டி-பெயின், ஜே-லோ, ஏ-ராட் எல்லாமே இப்படி விசித்திரமாகத்தான் தெரியும். ஸ்டார் வார்ஸின் ஆர்2-டி2வை உச்சரிப்பில் எழுதி ஏ-ஆர்-டி-ஓ-ஓ என்று போடுவார்கள். வாயில் நுழையாத மெய்யெழுத்துக் கூட்டம் தென்பட்டால், அழிப்பதற்கு முன் ராப் பாடகரா, சுருக்கப்பெயரா என்று ஒரு தடவை யோசியுங்கள்.

இரண்டு தெரியாத பெயர்கள் ஒன்றையொன்று வெட்டினால் என்ன செய்வது? இதற்கு நேட்டிக் என்று பெயரே இருக்கிறது. 2008இல் ஒரு புதிரில், பாஸ்டன் மாரத்தான் ஓடும் வழியிலுள்ள நேட்டிக் என்ற ஊரும் என்.சி.வையத் என்ற ஓவியரும் 'என்' எழுத்தில் வெட்டிக்கொண்டார்கள். ஊரும் தெரியாது, ஓவியரின் இனிஷியலும் தெரியாது என்றால் அந்த எழுத்தைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ரெக்ஸ் பார்க்கர் என்ற பெயரில் தினமும் புதிரை விமர்சிப்பவர் அந்த ஊர்ப் பெயரையே குற்றத்தின் பெயராக்கிவிட்டார். நால்வரில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்க முடியாத பெயரைப் போட்டால், அதை வெட்டும் சொற்களாவது எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அது அமைப்பவரின் பிழைதான், தீர்ப்பவரின் பிழை அல்ல. இருந்தாலும் கட்டத்தை நிரப்பியாக வேண்டுமே. அக்கம்பக்கம் இரண்டும் மெய் என்றால் அங்கே உயிர்தான்; ஏ, ஈ, ஓ, ஐ என்ற வரிசையில் போட்டுப் பாருங்கள். பெண் பெயரின் கடைசிக் கட்டம் என்றால் ஏ, அடுத்து ஈ. மெய் வேண்டிய இடம் என்றால் என், எஸ், ஆர், எல், டி. இரண்டு பக்கமும் வாயில் நுழைகிற பெயராக எது வருகிறதோ அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

பெயர்களைவிடச் சுவையானது வம்பு பிடித்த க்ளூக்கள்தான். இங்கே ஒரு எச்சரிக்கை: க்ளூவுக்குள்ளேயே விடையின் எழுத்துகளை ஒளித்துவைக்கும் கிரிப்டிக் புதிர் போட்டுப் பழகியவர்கள் இங்கேயும் எழுத்துக் கலைப்பும் ஒளிந்திருக்கும் சொல்லும் தேடுவார்கள். அது வேண்டாம். அமெரிக்கப் புதிரில் க்ளூ முழுவதும் விடையைத்தான் குறிக்கும். ஏமாற்று வேலை எல்லாம் பொருளில்தான். அந்த ஏமாற்றுக்கும் சட்டம் உண்டு. க்ளூவைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் விடையை வைத்தால் வாக்கியம் கெடக்கூடாது. க்ளூ பன்மை என்றால் விடையும் பன்மை. இறந்தகாலம் என்றால் இறந்தகாலம். க்ளூவில் சுருக்கச்சொல் இருந்தால் விடையும் சுருக்கச்சொல். முதற்பெயரால் கேட்டால் முதற்பெயர், குடும்பப்பெயரால் கேட்டால் குடும்பப்பெயர்: 'ஜானின் துணைவி' என்றால் யோகோ, 'லெனனின் துணைவி' என்றால் ஓனோ. 'லுப்பினோ அண்ட் டார்பெல்' என்று இரண்டு பேரை நிறுத்தினால், இருவருக்கும் பொதுவான ஐடா என்ற பெயரோடு ஒரு எஸ் சேர்ந்து 'ஐடாஸ்' என்று விடை வரும். கண்றாவியாக இருந்தாலும் சட்டப்படி சரி.

மேற்கோள் குறிக்குள் வரும் க்ளூ யாரோ பேசும் பேச்சு. விடையும் பேச்சாகவே இருக்கும். சதுர அடைப்புக்குள் வந்தால் விடை ஒரு ஒலி அல்லது சைகை: பெருமூச்சு, விக்கித்து நிற்பது, கண்ணடிப்பது. க்ளூவில் பிரெஞ்சு ஊரோ பிரெஞ்சுப் பெயரோ வந்தால் விடை பிரெஞ்சுச் சொல்.

கேள்விக்குறி இருந்தால் சிலேடை. 'நம்பர் அட் த டென்டிஸ்ட்ஸ்?' என்று வந்தால் எண்ணைத் தேடாதீர்கள். மரத்துப்போவதற்கான 'நம்' என்ற சொல்லோடு ஈ-ஆர் சேர்த்தால் மரத்துப்போக வைப்பது, அதாவது 'நம்மர்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல். எழுத்து எண்ணிக்கையைப் பார்த்து ஈதர், நோவகேன் என்ற மயக்க, மரப்பு மருந்துகளில் ஒன்றைப் போட வேண்டியதுதான். வாரக் கடைசியில் இந்தக் கேள்விக்குறியைக்கூடச் சில சமயம் எடுத்துவிடுவார்கள்; சிலேடை மட்டும் அப்படியே இருக்கும்.

ஆனால் மகா கள்ளத்தனமான தந்திரம் க்ளூவின் முதல் எழுத்தில் இருக்கிறது. வாக்கியத்தின் முதல் சொல் எப்படியும் பெரிய எழுத்தில்தான் தொடங்கும். அது ஆள், ஊர்ப் பெயரா சாதாரணச் சொல்லா என்று தெரியாது. 'நைஸ் சம்மர்?' என்றால் இனிய கோடை அல்ல, பிரான்ஸின் நீஸ் நகரத்துக் கோடை (எழுத்துக்கூட்டல் ஒன்றே). விடை ஈ-டி-ஈ, பிரெஞ்சில் கோடை. 'மொபைல் ஹோம்?' ஏழெழுத்து என்றால் சக்கரம் வைத்த வீடு அல்ல. மொபைல் என்ற ஊர் இருக்கும் மாநிலம், அலபாமா.

பாட்டுலகத்துப் பெயர்கள் இந்த வித்தைக்கென்றே பிறந்தவை. பிங்க், பிரின்ஸ், ஸ்டிங், சீல், காமன், ஃப்யூச்சர் எல்லாம் சாதாரண ஆங்கிலச் சொற்கள், எல்லோரும் பாடகர்கள். இதில் டிரேக் என்பவரை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம். க்ளூ 'டிரேக், ஃபார் ஒன்' என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறெழுத்து என்றால் கனடாவின் பாடகர், விடை ராப்பர். நாலெழுத்து என்றால் டிரேக் என்பது ஆண் வாத்து. விடை டக் ஆகவும் இருக்கலாம், மேல் (ஆண்) ஆகவும் இருக்கலாம். டி-யு-சி-கே, எம்-ஏ-எல்-ஈ என்ற இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்து என்று எதுவுமே இல்லை. ஆகவே எதையும் போடாமல், நான்காம் எழுத்தை வெட்டிக்கொண்டு கீழே போகும் சொல்லைப் பாருங்கள். அந்தச் சொல்லில் அந்த இடத்தில் கே உட்காருமா, ஈ உட்காருமா? ஈ எங்கும் பொருந்தும், கே அப்படியல்ல. கே சுத்தமாக ஒட்டவில்லை என்றால் வாத்து வெளியே போய்விட்டது. க்ளூ 'டிரேக் ஆர் ஸ்டேக்' என்று இருந்தாலோ தலையை உடைத்துக்கொள்ளவே வேண்டாம்: ஸ்டேக் என்பது ஆண் மான், இரண்டுக்கும் பொது ஆண். பக்கத்துச் சொல் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று பார்த்தால் முதல் சொல்லின் முகமூடி கழன்றுவிடும்.

இதற்கு நேர்மாறான சுகமும் உண்டு. 'ஜாப்ஸ் க்ரியேஷன்', நாலெழுத்து. வேலைவாய்ப்பு உருவாக்கம் அல்ல, ஸ்டீவ் ஜாப்ஸின் படைப்பு. ஐமேக், ஐபேட், ஐபாட் மூன்றும் நாலெழுத்து. முதல் எழுத்து ஐ என்பது உறுதி, அதைத் தயங்காமல் போடலாம். மூன்றாம் எழுத்து ஓ என்று வந்தால் ஐபாட், முடிந்தது. ஏ என்று வந்தால் இன்னும் இரண்டு மீதி. கடைசி எழுத்து சி என்றால் ஐமேக், டி என்றால் ஐபேட்.

வியாழக்கிழமைக்குத் தனி மனநிலை வேண்டும். அன்றைக்குக் கட்டத்தோடேயே விளையாடுவார்கள். ஒரே கட்டத்துக்குள் பல எழுத்துகளை அடைக்கும் ரீபஸ் அன்றுதான் அதிகம். அடையாளம் எளிது: நூற்றுக்கு நூறு உறுதியான விடை ஒன்று கட்டத்தைவிட இரண்டு மூன்று எழுத்து நீளமாக இருக்கும், அதை வெட்டும் சொல்லும் அதே அளவு நீண்டிருக்கும். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில்தான் கூட்டம். நியூயார்க் டைம்ஸ் செயலியின் விசைப்பலகையில் ரீபஸ் பட்டன் இருக்கிறது. பெரும்பாலும் முதல் எழுத்தை மட்டும் போட்டாலும் ஏற்றுக்கொள்ளும். ஒரு நீள விடை மட்டும் பொருந்தாமல், வெட்டும் சொற்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தால் அது ரீபஸ் அல்ல. உங்கள் விடை தவறு.

கட்டத்தோடு விளையாடியதில் எல்லாரும் எடுத்துக்காட்டும் புதிர் 1996 நவம்பர் 5ஆம் தேதி, அமெரிக்க அதிபர் தேர்தல் நாளன்று வந்தது. அமைத்தவர் ஜெரமையா ஃபாரல். நாளைய பத்திரிகையின் தலைப்புச் செய்தி என்ன என்று க்ளூ. போட்டியிட்ட இருவரில் கிளின்டன் என்றாலும் ஏழெழுத்து, பாப் டோல் என்றாலும் ஏழெழுத்து. எதைப் போட்டாலும் சரியாக வந்தது. ஏனென்றால் அவற்றை வெட்டும் ஏழு சொற்களுக்கும் இரண்டு விடை இருந்தது: ஹாலோவீனின் கறுப்புப் பிராணி என்ற க்ளூவுக்கு கேட் என்றும் போடலாம், பேட் என்றும் போடலாம். பூனையோ வௌவாலோ, இரண்டும் கறுப்புதானே. இரண்டு பெயரும் எழுத்தெண்ணிக்கையில் ஒத்துப்போன தற்செயலை ஒரு ஆள் கண்டுபிடித்து, பொறுமையாக ஏழு இரட்டைச் சொற்களைத் தேடியிருக்கிறார் பாருங்கள்.

நாள் வரிசையைப் பொறுத்தவரை திங்கள் எளிது, சனி கடினம், ஞாயிறு அளவில்தான் பெரிது, கடினத்தில் நடுவாரம். விடைகள் அவ்வளவாக மாறாது, க்ளூதான் இறுகும். ஈனோவைத் திங்களன்று 'இசைத் தயாரிப்பாளர் பிரையன்' என்று கையில் கொடுத்துவிடுவார்கள். சனியன்று அவர் செய்த ஏதோ ஒரு வேலையை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் ஒரு மாதம் திங்கள், செவ்வாய் மட்டும் போடுங்கள். பழைய புதிர்களும் செயலியில் கிடைக்கின்றன. வரிசையாகத் திங்கள்களை மட்டும் எடுத்துப் போட்டால் பெயர்கள் தாமாகவே மனதில் படியும்.

ஒரு புதிருக்குள் என்ன வரிசை? கோடிட்ட இடத்தை நிரப்பும் க்ளூக்களை முதலில் பாருங்கள், அவற்றில் ஏமாற்று குறைவு. பிறகு மூன்றெழுத்து, நாலெழுத்து. ஒன்று போட்டவுடன் புதிர் முழுக்க அலையாமல், அதை வெட்டும் சொற்களுக்கே போங்கள். க்ளூ பன்மை என்று தெரிந்தால் கடைசியில் எஸ் மட்டும் லேசாகப் போட்டு வைக்கலாம். பன்மையெல்லாம் எஸ்ஸில் முடியாது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். புட், செட், கட், ரீட் போன்ற வினைகளைக் கண்டால் உஷார்; நிகழ்காலமா இறந்தகாலமா என்று எழுத்தில் தெரியாது, அமைப்பவர் வேண்டுமென்றேதான் அந்த வினையை எடுத்திருப்பார். விடை ஈ-டியில் முடியுமா முடியாதா என்பதைக் குறுக்குச் சொல் சொல்லட்டும்.

எல்லாம் நிரப்பியும் செயலி "எங்கோ தவறு" என்று சொன்னால் முதல் கட்டத்திலிருந்து மொத்தத்தையும் சரிபார்க்காதீர்கள். முதலில் இரண்டு பெயர்கள் வெட்டும் கட்டங்கள். அடுத்து, பெயர்களுக்குள் ஏ, ஈ, ஐ குழப்பம் வரக்கூடிய இடங்கள். பிறகு அவசரத்தில் போட்ட எஸ், ஈ-டி முடிவுகள். அப்போதும் பிடிபடவில்லை என்றால், மேலிருந்து கீழ் சொற்களை மட்டும் க்ளூ பார்க்காமல் வாசித்துக்கொண்டே போங்கள். இடமிருந்து வலம் நிரப்பும்போது கண் தாண்டிப்போன விசைப்பிழை அங்கே தடுக்கும். அதற்குப் பிறகு செக் பட்டனை அழுத்தலாம். ஆனால் அப்படிச் செய்தால் அன்றைய புதிர் உங்கள் தொடர் வெற்றிக் கணக்கில் சேராது.